தண்ணி பாட்டில் சுமக்கிற சைக்கிள் வீரரும் சிலமலை ஜீப் டிரைவரும்!

டிக்கெட் கிடையாது. கேலரி கிடையாது. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும், உலகின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்று அந்தத் தெருவுக்கே வந்து போகும். ஒரே ஒரு குறைதான். நான்கு மணி நேரம் காத்திருந்தால் பார்க்கக் கிடைப்பது நாற்பது விநாடி. ‘விர்ர்ர்’ என்று ஒரு சத்தம், கலர் கலராக ஒரு கூட்டம், பின்னாலேயே கூரையில் சைக்கிள் கட்டிய கார்கள்... அவ்வளவுதான், முடிந்தது!

பிரான்ஸின் ‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் இப்படித்தான் நடக்கிறது. மூன்று வாரம், 21 ஸ்டேஜ், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் யாருக்குக் குறைந்த நேரமோ அவர் தலைவர். மஞ்சள் பனியன் அவருக்கு. அந்த நாற்பது விநாடிக்காக மலைச்சாலையில் இரண்டு மூன்று நாள் முன்பே வண்டியைப் போட்டுக் காத்துக்கிடக்கிற ரசிகர்கள் உண்டு. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குத் தேர் பார்க்க இடம்பிடிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்தப் பந்தயத்துக்குச் சிலமலையில் இரண்டு ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒரு அண்ணன், ஒரு தங்கை. அம்மாவையும் சேர்த்தால் இரண்டரை!

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற வழியில் இருக்கிறது சிலமலை. மேற்கே பார்த்தால் சுவர் எழுப்பியதுபோல மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஏலக்காடுகள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப் ஏறி, மலை தாண்டி ஏலக்காய் பறித்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வருவதுதான் இந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் பலருடைய பிழைப்பு. அந்த அம்மாவும் அப்படித்தான். அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. கிளீனராகப் போய், டிரைவராகி, இன்னொருவரின் ஜீப்பை நாள்கூலிக்கு ஓட்ட ஆரம்பித்தான். முந்தல் தாண்டி போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏற்றம் ஒரு தடவை, இறக்கம் ஒரு தடவை. அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் அவனுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி.

2020. கொரோனா. எல்லையில் தினமும் போய்வருவது நின்றுபோனது. ஜீப் ஷெட்டில், அம்மா வீட்டில், அண்ணன் திண்ணையில். ப்ளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் எப்போது திறக்கும் என்று காத்திருந்த தங்கையின் கையில்தான் வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன். அந்த வருடம் ஜூலையில் நடக்க வேண்டிய டூர் டி பிரான்ஸும் தள்ளிப்போய், ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பரில்தான் முடிந்தது. ஏதோ தேடப்போய் ஏதோ வந்தது என்கிற கணக்கில், பத்து நிமிட ஹைலைட்ஸ் வீடியோ ஒன்று அவள் போனில் ஓடியது. அண்ணன் எட்டிப் பார்த்தது சைக்கிளுக்காக இல்லை. ரோட்டுக்காக!

“பாப்பா, அந்த வளைவை நிப்பாட்டு. பார்த்தியா, உள்பக்கமா வெட்டாம வெளிய வந்து திருப்புறான். வெவரமான ஆளு.”

அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் டூர். அண்ணனுக்கு முதலில் வந்த சந்தேகம் இது: “அந்த ஆளு ஏன் பின்னாடி போயி, கார்ல இருந்து அத்தனை தண்ணி பாட்டிலை வாங்கிச் சட்டைக்குள்ள திணிச்சிக்கிட்டு வர்றான்? அவனுக்கு அம்புட்டு தாகமா?”

தங்கை தேடிப் படித்துச் சொன்னாள். பந்தயத்தில் ஜெயிப்பது ஒருவர். ஆனால் ஓடுவது அணி. ஓர் அணியில் எட்டுப் பேர். அதில் ஒருவர்தான் தலைவர். மற்றவர்கள் அவருக்காக எதிர்காற்றைத் தாங்குவார்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால், சமதளத்தில் மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும். தலைவர் அப்படி மிச்சம் பிடித்த சக்தியைக் கடைசி மலையில் செலவழிப்பார். முன்னால் போய் காற்றை வாங்கியவர் அதற்குள் களைத்துப் பின்னால் போய்விடுவார். அவர் எத்தனையாவதாக வந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இவர்களுக்கு ‘டொமெஸ்டீக்’ என்று பெயர். பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம். டூரை ஆரம்பித்து நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச் 1911-ல் ஒரு வீரரை மட்டம் தட்டச் சொன்ன சொல் அது என்பார்கள். வசவு, பிறகு பதவியாகிவிட்டது. (இந்த தெக்ராஞ்ச் ஒரு பத்திரிகை ஆசிரியர். ‘லோட்டோ’ என்ற தன் பத்திரிகையின் விற்பனையைக் கூட்டத்தான் 1903-ல் இந்தப் பந்தயத்தையே தொடங்கினார். பத்திரிகை அச்சானது மஞ்சள் தாளில். மஞ்சள் பனியன் வந்த கதை அதுதான். சர்க்குலேஷனுக்காக இதைவிடப் பெரிய ஐடியா இன்றுவரை யாருக்கும் வரவில்லை!)

அந்த வருடம் அண்ணன் பிடித்துக்கொண்ட ஆள், ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச். முன்பு பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்து, தாமதமாக சைக்கிளுக்கு வந்தவர். மஞ்சள் பனியன் அவரிடம்தான் இருந்தது. தங்கைக்கோ, மலையில் ரோக்லிச்சுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்த, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் அமெரிக்கரைப் பிடித்தது. பெயர் செப் கஸ். கொலராடோவில் டுராங்கோ என்ற மலையூர்க்காரர்.

பந்தயம் முடிய இரண்டே நாள். 57 விநாடி முன்னிலை. கடைசிக்கு முந்தைய நாள், ஒவ்வொருவராகத் தனித்தனியே நேரத்தோடு ஓட வேண்டிய மலை ஸ்டேஜ். அதில் இன்னும் 22 வயதுகூட நிரம்பாத இன்னொரு ஸ்லோவேனியர், தடேய் போகாச்சர், புயல்போல வந்து மொத்தத்தையும் புரட்டிப்போட்டார். முடிவில் ரோக்லிச் 59 விநாடி பின்தங்கி இரண்டாம் இடம். ஹெல்மெட் ஒருபக்கமாகச் சரிந்துகிடக்க, முகம் வெளுத்து அவர் ஓட்டிவந்த காட்சியைப் பார்த்து அண்ணன் போனைக் குப்புற வைத்துவிட்டான்.

“இதுல என்னடா அழுகை? அவன் யாரு, நாம யாரு?” என்றார் அம்மா. அதே அம்மாதான் மறுநாள், ஜெயித்தவர் கையில் ஒரு சிங்கப் பொம்மையைக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, “மூணு வாரம் மலையேறவிட்டு, கடைசியில பொம்மையா குடுக்குறாய்ங்க?” என்று நியாயம் கேட்டவர். பரிசுப் பணமும் உண்டு என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காமெடி. ப்ளஸ் ஒன்னில் தங்கைக்குக் கொடுத்த அரசு விலையில்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் மலையேறக் கிளம்பிவிட்டான். கியர் கிடையாது, நடுவில் பார் கிடையாது, முன்னால் கூடை வேறு. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கி, பாலத்துக் கட்டையில் படுத்துவிட்டான். “இன்னும் 14 பாக்கி” என்று தங்கை இன்றும் சொல்லிக்காட்டுவாள். டூரில் ரொம்பப் பேர்போன ஏற்றமான ஆல்ப் துயேஸில் 21 வளைவு. 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதச் சரிவு. ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு, அங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை உண்டு. போடிமெட்டு இதைவிட நீளம், ஆனால் இவ்வளவு செங்குத்து கிடையாது. ஆளுக்கொரு பெயர்ப் பலகை வைக்கலாம் என்றால், நம் மலையில் தினமும் விடியற்காலையில் ஏறி இறங்குகிறவர்கள் பட்டியல் கொஞ்சம் நீளமாகப் போகும்.

மூன்று வருடம் ஓடியது. 2023. அந்தக் குடும்பத்துக்கு மறக்க முடியாத செப்டம்பர்.

தங்கை பி.காம் முடித்திருந்தாள். மதுரையில் எம்.பி.ஏ படிக்க இடம் கிடைத்தது. அண்ணனிடம் சீட்டுப் பணம் எடுத்தது இருந்தது. சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்க ஆறு வருடமாகச் சேர்த்தது. கூலிக்கு ஓட்டும்வரை வண்டி ரிப்பேரானால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. சொந்த வண்டி என்றால் கதையே வேறு. ஆனால் அவன் யோசிக்கவே இல்லை. “பீஸ் கட்டிரு பாப்பா. ஜீப்பு எங்க போயிரப் போகுது?” என்றான். தங்கையும் சரி என்றுதான் சொன்னாள். ஏற்கெனவே டிகிரி அவன் காசில்தான்.

அதே நாட்களில் ஸ்பெயினில் ‘வுவெல்டா’ நடந்துகொண்டிருந்தது. டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா: மூன்றும்தான் பெரிய மூன்று வாரப் பந்தயங்கள். அந்த வருடம் ஜிரோவை ரோக்லிச் ஜெயித்தார். கூடவே ஓடி உழைத்தவர் செப் கஸ். டூரை அதே அணியின் டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகார் ஜெயித்தார்; அங்கேயும் உழைத்தவர் கஸ். வுவெல்டாவுக்கு இரண்டு தலைவர்களும் வந்தார்கள். இருவருக்கும் உழைக்க கஸ்ஸும் வந்தார்.

ஆனால், ஒரு திருப்பம். ஆறாவது ஸ்டேஜில் முன்னால் தப்பிப்போன ஒரு குழுவில் கஸ் இருந்தார். அந்த ஸ்டேஜை ஜெயித்தார். எட்டாவது ஸ்டேஜ் முடிந்தபோது தலைவருக்கான சிவப்புப் பனியன் அவர் தோளில்! எல்லோரும் ஒரு நாள் கூத்து என்று நினைத்தார்கள். பனியன் இறங்கவே இல்லை. போகப்போக முதல் மூன்று இடமும் ஒரே அணிக்கு. கஸ், விங்கெகார், ரோக்லிச். இப்போது யார் யாருக்காக ஓட வேண்டும்?

செப்டம்பர் 13, பதினேழாவது ஸ்டேஜ். ஆங்லிரு மலை. சில இடங்களில் சரிவு 20 சதவீதத்துக்கும் மேல். நூறடி முன்னால் போனால் இருபதடிக்கு மேல் மேலே போக வேண்டும். மேகம் இறங்கிய அந்த உச்சிக்கருகில், ரோக்லிச்சும் விங்கெகாரும் வேகமெடுத்தார்கள். கஸ்ஸால் முடியவில்லை. பின்தங்கினார். இருவரும் காத்திருக்கவில்லை. இத்தனை வருடம் யாருக்காகக் காற்றைத் தாங்கினாரோ, அவர்களே அவரை விட்டுவிட்டு மேலே போனார்கள். சிவப்புப் பனியன் எட்டே விநாடியில் தப்பியது.

உலகம் முழுக்க சைக்கிள் ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். பொதுவாகப் பார்த்தால், ரோக்லிச்சும் விங்கெகாரும் தப்பு ஒன்றும் செய்யவில்லை. பந்தயம் என்றால் வேகமாகப் போவதுதான். விதிப்புத்தகத்தில் நன்றிக்கு என்று ஒரு பக்கம் கிடையாது. ஆனாலும் ரசிகர்களுக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. மூன்று வருடமாக அவர் தண்ணி பாட்டில் சுமந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

சிலமலையில் அன்றைக்கு ராத்திரி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு தங்கை சாப்பிடவில்லை. “ச்சீ, என்ன ஆளுங்கண்ணே! உங்க ரோக்லிச்சைப் பாருங்க!” என்று பொரிந்தாள். ரோக்லிச் ரசிகனான அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. “அவன் ஜெயிக்க வந்தவன்மா. கூட ஓடுறவன் அதுக்குத்தான் ஓடுறான். அவனே சிரிச்சிக்கிட்டுத்தான இருக்கான், உனக்கென்ன?”

அந்தக் கடைசி வரிதான் அவளைக் குத்தியது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, அம்மா தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து, “நான் எம்.பி.ஏ சேரலண்ணே. போடியில ஆடிட்டர் ஆபீஸ்ல ஆள் கேட்டாங்க, போறேன். நீங்க ஜீப்பை வாங்குங்க” என்றாள்.

பெரிய சண்டை. அண்ணன் அதற்கு முன் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லையாம். “சைக்கிள் ரேஸைப் பார்த்துட்டுப் படிப்பை விடுறவளை ஊர்ல பார்த்திருக்கீங்களா?” என்று அம்மாவிடம் நியாயம் கேட்டான். கீழே ஜீப்புக்காகக் காத்திருந்த பெண்கள், “ஏப்பா, பொழுது விடியுது, வர்றியா இல்லையா?” என்று சத்தம் போட்ட பிறகுதான் கிளம்பினான். அன்றைக்குப் பதினேழு வளைவிலும் அவன் ஹாரன் அடித்த அடி வேறு மாதிரி இருந்தது என்று அம்மா சொல்வார்.

வுவெல்டாவில் மறுநாள் நிலைமை மாறிவிட்டது. இனி கஸ்ஸுக்காகத்தான் ஓடுவோம் என்று அணி முடிவெடுத்தது. ரசிகர்களின் கோபம் அதற்குக் காரணமா, அணி முதலாளிகளின் மனசாட்சியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்ரிட்டில் பந்தயம் முடிந்தபோது விங்கெகாரைவிட 17 விநாடி முன்னால் செப் கஸ். மூன்றாவது ரோக்லிச். ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயத்தையும் மூன்று வெவ்வேறு வீரர்களால் ஒரே அணி ஜெயித்தது அதற்கு முன் நடந்ததில்லை. மூன்றிலும் ஓடிய ஒரே ஆள், கடைசியாக ஜெயித்த அந்த வேலைக்காரர்தான்.

பதினேழு விநாடி, பதினேழு வளைவு. தங்கை இதையும் விடாமல் சொல்லிக்காட்டினாள். அண்ணன் பதில் பேசவில்லை.

2024 தை மாதத்தில் ஜீப் வந்தது. பழையதுதான், பெயின்ட் புதிது. முகப்புக் கண்ணாடியில் குலசாமி பெயர். பின்பக்கம் என்ன எழுதலாம் என்று ஸ்டிக்கர் கடைக்காரர் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பெயரை அவரால் எழுத்துக்கூட்ட முடியாமல், கடைசியில் ‘அம்மா’ என்றே ஒட்டியாயிற்று.

தங்கை ஆடிட்டர் ஆபீஸில் ஒன்றரை வருடம் இருந்தாள். அந்த அனுபவத்தில் 2025-ல் புனேயில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அண்ணனுக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு. “எம்.பி.ஏ முடிச்சிருந்தா இதைவிட ரெண்டு மடங்கு சம்பளம் வாங்கியிருப்பா. என் ஜீப்புக்காக அவ படிப்பு போச்சு” என்பான். அவளோ, “பத்தாம் வகுப்போட நின்னது யாருக்காக?” என்று திருப்பிக் கேட்பாள். யார் யாருக்காகக் காற்றைத் தாங்கினார்கள் என்ற கணக்கில் இருவருக்கும் இதுவரை ஒத்துப்போகவில்லை. அம்மா இந்தப் பேச்சு வந்தாலே அடுப்படிக்குப் போய்விடுவார்.

புனேக்குப் போன இடத்தில் அவளுக்கு ஓர் அதிர்ஷ்டம். 2026 ஜனவரி 19 முதல் 23 வரை அங்கே ‘புனே கிராண்ட் டூர்’ நடந்தது. சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரத்தோடு, வெளிநாட்டு அணிகளும் இந்திய வீரர்களும் ஓடிய பல நாள் பந்தயம். மொத்தம் 437 கிலோமீட்டர். ஆண்களுக்கான இந்தத் தரத்துப் பந்தயம் இந்தியாவில் நடந்தது இதுதான் முதல்முறை. நம் பக்கத்தில் 2008 முதல் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ உண்டு. ஊட்டி, கல்லட்டி ஏற்றமெல்லாம் வரும். ஆனால் அது பந்தயத்தைவிட சைக்கிள் பிரியர்கள் கூடிப்போகும் பயணம்.

அவள் லீவு போட்டுவிட்டு ரோட்டோரம் போய் நின்றாள். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு வரிசையாக. “ரோட்டையெல்லாம் புதுசாப் போட்டுட்டாங்கண்ணே, ஒரு பள்ளம் இல்ல” என்று முதல் தகவல் சிலமலைக்குப் போனது. அண்ணன் ஏலக்காட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு, சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் ஏறி நின்றிருந்தான். வீடியோ கால். அரை மணி நேரம் வெறும் ரோட்டைத்தான் பார்த்தான். ஒரு போலீஸ் பைக், அப்புறம் வெறும் ரோடு, ஒரு நாய், அப்புறம் மறுபடி வெறும் ரோடு. “வர்றாங்கண்ணே, வர்றாங்க!” என்று அவள் கத்தியபோது படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மலையில் பனி இறங்கினால் சிக்னல் அவ்வளவுதான். திரும்ப வந்தபோது கடைசிக் காரும் போயிருந்தது.

“என்ன பாப்பா பார்த்த?”

“ஒண்ணும் சரியாத் தெரியலண்ணே. காத்து மட்டும் மூஞ்சில அடிச்சது. ஆனா ஒருத்தன், கடைசியா வந்தவன், சட்டைக்குள்ள ஆறேழு பாட்டில் வச்சிருந்தான். முதுகு கூன் போட்ட மாதிரி இருந்துச்சு.”

அண்ணன் சிரித்த சிரிப்பில், பறித்த காயைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செப் கஸ் மறுபடி தன் வேலைக்கே திரும்பிவிட்டார். 2025 வுவெல்டாவை விங்கெகார் ஜெயித்தபோதும் மலைகளில் அவருக்காக உழைத்தவர்களில் கஸ் உண்டு. “பார்த்தியா, அவனுக்கு அதுதான் பிடிச்சிருக்கு” என்கிறான் அண்ணன். “ஒரு தடவை ஜெயிச்சிட்டுத் திரும்பிப் போறது வேற, ஜெயிக்காமலேயே இருக்கிறது வேற” என்கிறாள் தங்கை.

இந்த வருட டூர் டி பிரான்ஸ் ஜூலை 4-ல் பார்சிலோனாவில் தொடங்குகிறது. கடைசி வாரத்தில் ஆல்ப் துயேஸ் அடுத்தடுத்து இரண்டு நாள். ஜூலை 24, 25, வெள்ளி, சனி. தங்கை ஊருக்கு வர லீவு சொல்லிவிட்டாள். சனிக்கிழமை ட்ரிப்பை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். பந்தயம் முடிய நம் நேரப்படி ராத்திரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்தலிலிருந்து மிச்சமிருக்கிற 14 வளைவையும் ஏறிவிடுவது என்று அவள் தீர்மானமாக இருக்கிறாள். புனேயில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிள் ரயிலில் மதுரை வந்து, அங்கிருந்து போடிக்கு வரும். அண்ணன் பின்னாலேயே ஜீப்பில் தண்ணி பாட்டிலோடு வரட்டும் என்கிறாள்.

அவன் இன்னும் சரி சொல்லவில்லை. அரசு சைக்கிளுக்குப் புது செயின் மாட்ட எவ்வளவாகும் என்று போடியில் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.